வாசலை மறிக்கும் பக்கத்து வீட்டு லாரி: சண்டையில்லாமல் நகர்த்தும் வழி

கேட்டைத் திறந்தால் தெரு தெரிவதில்லை, தார்ப்பாய் போர்த்திய ஒரு வண்டியின் விலாதான் தெரிகிறது. வண்டிக்காரர் பக்கத்து வீட்டுக்காரர், தினமும் முகம் பார்த்தாக வேண்டியவர். யாரிடம் சொல்வது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் புழுங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு டேப்பும் ஒரு செல்போனும் வேண்டும். கொஞ்சம் பொறுமையும் வேண்டும், அதைக் கடையில் வாங்க முடியாது.

படி 1: மறிக்கிறதா, உறுத்துகிறதா?

கசப்பான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு முன்னால் இருப்பது பொதுச் சாலை என்றால், அந்த இடம் உங்களுடையது அல்ல. "என் வீட்டு முன்னாடி எப்படி நிறுத்தலாம்?" என்று ஆரம்பித்தால், "ரோடு என்ன உங்க பேர்லயா இருக்கு?" என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் வண்டி மறிப்பவற்றை எழுதுங்கள்: கேட், நடைபாதை, திரும்பும் இடம், சாலையில் வருபவர்கள் கண்ணில் படுவது. மறுபக்கம் உறுத்துபவை: வெளிச்சம் குறைவது, விடியற்காலை டீசல் புகை, ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் கீச்சொலி, வாசலில் ஆயில் கறை, பார்க்க அசிங்கமாக இருப்பது. முதல் பக்கத்தில் உள்ளவற்றுக்குப் பெரும்பாலும் எல்லா இடத்திலும் விதி துணைக்கு இருக்கும். இரண்டாம் பக்கத்தில் சத்தத்துக்கும் புகைக்கும் சில இடங்களில் விதி உண்டு. மற்றவற்றுக்கு அவருடைய நல்ல மனசுதான் கதி. "பார்க்க அசிங்கமாக இருக்கு" என்பதை வெளியே சொல்லவே வேண்டாம். அந்த வண்டிதான் அவர் வீட்டில் உலை வைக்கிறது.

படி 2: அளந்து பாருங்கள்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

பெரிய லாரியின் அகலம் சுமார் 2.5 மீட்டர். கார் ஒன்று பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 2 மீட்டர். தெரு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரம் லாரி, எதிர் ஓரம் கார். மீதி ஒன்றரை மீட்டர். யாரும் ஓரத்தோடு ஒட்டி நிறுத்துவதில்லை என்பதால் அதிலும் ஒரு சாண், இரண்டு சாண் போய்விடும். பைக் போகும், கார் போகாது. தீயணைப்பு வண்டியும் லாரி அகலம்தான், அது அந்த இடத்தைத் தாண்டவே முடியாது. இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் அதைச் சொந்த வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது பார்வை. காரை ரிவர்ஸில் எடுக்கிறீர்கள். கேட்டுக்குப் பக்கத்திலேயே லாரி நின்றால், அதன் அகலம் முழுவதையும் உங்கள் கண் தாண்டினால்தான் அந்தப் பக்கம் வருவது தெரியும். அதற்குள் காரின் பின்பாதி நடுத்தெருவில் நிற்கும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடுவார். உங்களைப் பார்த்து, பிரேக் மிதித்து, வண்டி நிற்பதற்குள் 15 மீட்டர் தாண்டியிருக்கும்.

இப்போது வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். லாரி இல்லாத நேரமாகப் பார்த்து, அவரை லாரி ஓரம் வழக்கமாக வருகிற இடத்தில், லாரி அகலத்துக்குத் தெருவுக்குள் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வழக்கமாகத் தயங்கி நிற்கும் இடம்வரை காரைக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து பார்த்தபடி, "இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு" என்று துணையாளைக் கேட்டிலிருந்து விலக்கிக்கொண்டே போங்கள். அவருக்கும் கேட்டுக்கும் நடுவே தெருவில் வருவது உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிற இடத்தில் அவரை நிறுத்தி, அவர் காலடியில் சாக்பீஸால் ஒரு கோடு. கேட்டிலிருந்து அந்தக் கோடுவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அந்தத் தூரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வரும்.

அவரிடம் கேட்கப்போவது இதைத்தான். வண்டியை எடுக்கச் சொல்லப்போவதில்லை, இத்தனை அடி தள்ளி நிறுத்தச் சொல்லப்போகிறீர்கள். முதலாவதற்குச் சரி என்று சொல்வது எந்த வண்டிக்காரருக்கும் கஷ்டம். இரண்டாவதற்கு முடியாது என்று சொல்வதுதான் கஷ்டம்.

லாரி நடைபாதையில் ஏறி நின்றால் அங்கே மீதி இடத்தையும் அளந்துவிடுங்கள். 90 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சக்கர நாற்காலி போவது சிரமம்.

படி 3: யார் இடம், யார் விதி?

பொதுச் சாலை என்றால் உள்ளாட்சி அலுவலகமும் போக்குவரத்துக் காவல்துறையும். அடுக்குமாடி வளாகம் என்றால் சங்கத்தின் விதிகள். வாடகை வீட்டில் இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்களுக்குத் தெரியாத பழைய ஏற்பாடு ஏதாவது இருக்கலாம். உங்கள் பகுதியில் கனரக வாகனங்களை இரவில் நிறுத்தத் தடை உண்டா, தெருமுனையிலிருந்து எத்தனை மீட்டர் விட வேண்டும் என்ற இரண்டையும் மட்டும் தேடிப் பார்த்தால் இப்போதைக்குப் போதும்.

படி 4: நேரில் பேசுங்கள்

இன்ஜின் ஓடும்போது வேண்டாம். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்து இறங்குகிறவரைப் பிடித்து நிறுத்தவும் வேண்டாம். நாலு பேர் வேடிக்கை பார்க்கிற இடத்தில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில், உங்கள் வீட்டில் அவரோடு அதிகம் பழகியவர் போகட்டும். பேச்சு இப்படி இருக்கலாம்:

"அண்ணே, ஒரு சின்ன உதவி. காலைல கார எடுக்கும்போது வலது பக்கம் வர்றது எனக்குத் தெரியவே மாட்டேங்குது. பயமா இருக்கு. உங்க வண்டி அந்தக் கம்பத்தத் தாண்டி நின்னா எனக்குப் போதும்."

இதில் ஒரு காரணம், ஒரு கோரிக்கை, கண்ணுக்குத் தெரிகிற ஒரு அடையாளம் மட்டுமே இருக்கின்றன. "கொஞ்சம் தள்ளி" என்றால் அவருக்கு ஒரு அளவு, உங்களுக்கு ஒரு அளவு. கம்பம் என்றால் இருவருக்கும் அது கம்பம்தான். புகை, சத்தம் எல்லாம் இன்னொரு நாளைக்கு.

பதில் மூன்று விதமாக வரலாம். "வேற எங்க நிறுத்துறது?" என்று கேட்டால், நிஜமாகவே கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சரக்கு இருக்கும், பேட்டரி, டீசல் திருட்டுப் பயம் இருக்கும், வண்டி கண்ணில் பட நிற்க வேண்டும். அவர் வீட்டு முன்னால் நிற்கும் ஸ்கூட்டரை உங்கள் பக்கம் மாற்றினால் லாரிக்கு இடம் வருமா? நீங்கள் காரே எடுக்காத நாட்களில் அங்கேயே நின்றால்தான் என்ன? இப்படி எதையாவது கையோடு கொண்டுபோங்கள்.

"சரி, பார்க்கலாம்" என்றால் அது பாதி மறுப்பு. "ஞாயித்துக்கிழமைலேர்ந்து மாத்திக்கலாமாண்ணே?" என்று ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்.

"ரோடு உங்க பேர்லயா இருக்கு?" என்றால், "உங்க பேர்லயும் இல்லையே" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். "இல்லண்ணே, ரோடு எல்லாருக்கும்தான். கேட்லேர்ந்து வெளிய வரத்தான் வழி கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அன்றைக்கு அதற்குமேல் பேசிப் பயனில்லை.

வண்டி கம்பெனியுடையது, அவர் டிரைவர் மட்டும்தான் என்றால், வண்டியில் எழுதியிருக்கும் நம்பருக்கு எடுத்த எடுப்பில் போன் போடாதீர்கள். அவர் வேலைக்கே உலை வைத்ததாக முடியலாம். எல்லா வழியும் அடைபட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: எழுத்தில் ஒரு வரி

ஒத்துக்கொண்டால் அன்றே ஒரு வாட்ஸ்அப்: "நன்றிண்ணே, ஞாயிறிலிருந்து கம்பத்துக்கு அந்தப் பக்கம்னு பேசினோம்ல, ரொம்ப உதவி." ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அதே தொனியில், கேட்டதையும் காரணத்தையும் இரண்டு வரியில் அனுப்புங்கள். மிரட்டல் வேண்டாம். பின்னாளில் புகார் கொடுக்க நேர்ந்தால், முதலில் பேசிப் பார்த்தீர்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

படி 6: பதிவும் புகாரும்

அதற்கும் வழிக்கு வரவில்லையா? இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, என்ன மறித்தது. படங்களில் மூன்று முக்கியம். நம்பர் பிளேட்டும் உங்கள் கேட்டும் ஒன்றாகத் தெரிகிற படம், டிரைவர் சீட்டிலிருந்து எடுத்த படம், மீதி இடத்தில் டேப் பிடித்து எடுத்த படம். வண்டியை மட்டும் பெரிதாக எடுத்த படத்தில், அது எதை மறிக்கிறது என்பது தெரியாது.

புகாரில் மறிப்பை மட்டும் எழுதுங்கள். புகை, சத்தம், பழைய மனஸ்தாபம் எல்லாம் கலந்தால், படிக்கிற அதிகாரி இதை அண்டை வீட்டுச் சண்டை என்று ஓரமாக வைத்துவிடுவார். ஒப்புகைச் சீட்டோ புகார் எண்ணோ வாங்காமல் திரும்ப வேண்டாம். கேட்டுக்கு முன்னால் நிறுத்தத் தடைக்கோடு போட்டுத் தரும் வழக்கம் உங்கள் பகுதியில் இருந்தால், அதற்கும் அங்கேயே ஒரு மனு.

ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் நோயாளி, ஆம்புலன்ஸ் வர வேண்டும், கேட் முழுக்க அடைத்து நிற்கிறது என்றால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். அவர் கதவைத் தட்டுங்கள், திறக்காவிட்டால் உடனே போலீசுக்குப் போன்.

கை வைக்கக் கூடாதவை

டயரில் காற்றைப் பிடுங்குவது, சாவியால் கீறுவது, உங்கள் காரைக் குறுக்கே போட்டு அவரை அடைப்பது. இதில் எதைச் செய்தாலும் அந்த நிமிடமே புகார்தாரர் அவர், குற்றவாளி நீங்கள். இடம் பிடிக்கத் தெருவில் கல்லோ பூந்தொட்டியோ வைப்பதும் அப்படித்தான். இருட்டில் ஒரு பைக் அதில் மோதினால் பதில் சொல்ல வேண்டியவர் வைத்தவர்தான். தெரு வாட்ஸ்அப் குழுவில் வண்டிப் படத்தைப் போட்டு நியாயம் கேட்பதையும் தவிருங்கள்.

வண்டி நகர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். லோடு தாமதமான ஒரு ராத்திரி மறுபடியும் பழைய இடத்திலேயே நிற்கும். அன்றைக்குக் கேமராவை எடுக்காமல், காலையில் அவருக்கு ஒரு போன் போட்டு, "அண்ணே, எட்டு மணிக்குக் கிளம்பணும், கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?" என்று கேளுங்கள்.