மாதிரி விமானத்தை மின்மோட்டாருக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

க்ளோ என்ஜினில் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சிறு என்ஜின்) பறந்த ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தை மின்மோட்டாருக்கு மாற்ற முனைவோரில் பலர், மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றைப் பிறகு தேடுகிறார்கள். கணக்கை எடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பேட்டரியையும் சேர்த்துப் பறக்கத் தயாரான நிலையில் உள்ள எடையில், கிலோவுக்குச் சுமார் 220 வாட் இருந்தால் எளிய சாகசங்களுக்குப் போதும் என்பது இத்துறையில் புழங்கும் கைக்கணக்கு. 2.5 கிலோ விமானத்துக்கு 550 வாட் தேவை. அதை நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் 14.8 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 37 ஆம்பியர் வரும். இதற்கு 40 ஆம்பியர் இஎஸ்சியை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) வாங்கிச் சிக்கனம் பிடிக்காமல், 50 ஆம்பியர் தாங்கக்கூடியதை வாங்குவதே நல்லது.

அதிகம் பொருள் இழக்க வைப்பது ப்ரொப்பெல்லர் தேர்வு. கேவி எண் கூடினால் மோட்டாரின் வலு கூடும் என்று நினைப்பது தவறு; சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை மட்டுமே அது சொல்கிறது. அளவுக்கு மீறிய ப்ரொப்பெல்லரை மாட்டினால் என்ஜின் திணறி வேகம் குறையும், அவ்வளவுதான். மோட்டாரோ தன் சுற்று வேகத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்க மேலும் மேலும் மின்சாரத்தை இழுத்து, இறுதியில் தன்னையோ இஎஸ்சியையோ எரித்துக்கொள்ளும். பிட்ச்சும் (ஒரு சுற்றில் ப்ரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) சுற்று வேகமும் மாறாதிருக்க, 10 அங்குலத்துக்குப் பதில் 12 அங்குலம் மாட்டினால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். ஆகவே விமானத்தை அசையாமல் கட்டிவைத்து, பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் இடையே வாட்மீட்டரை இணைத்து, முழு த்ராட்டிலில் சில நொடிகள் ஓட்டிப் பார்க்காமல் மைதானத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

என்ஜினும் சைலன்சரும் போனபின் மூக்குப் பகுதி இலேசாகிவிடும். எரிபொருள் தொட்டி இருந்த இடத்திலேயே பேட்டரியைத் திணித்துவிட்டு மூக்கில் ஈயம் ஒட்டுவது, என் பார்வையில், சோம்பலுக்குக் கட்டும் அபராதம். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி ஈர்ப்பு மையத்தைச் சரிசெய்யும்படி தட்டும், இறக்கையைக் கழற்றாமல் பேட்டரியை எடுக்கும்படி மேல்மூடியும் அமைக்க வேண்டும்.

ஃபயர்வாலில் (என்ஜின் பொருத்தப்பட்டிருந்த முன்பலகை) ஊறியிருக்கும் எண்ணெய் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தேய்த்தால் வழுக்கும். அதைத் துடைத்து நீக்காமல் எப்பாக்ஸி பூசினால் மோட்டார் தாங்கி பிடிமானம் இல்லாமல் நிற்கும். காற்று நுழைய வழிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு; வெளியேறும் துளை அதைவிடப் பெரிதாக இல்லாவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். பேட்டரி பின்னால் இருக்கிறது என்பதற்காக அதன் கம்பிகளை நீட்டினால் இஎஸ்சியின் கெப்பாசிட்டர்கள் கெடக்கூடும். நீட்டியே ஆக வேண்டுமென்றால் மோட்டார் பக்கத்து மூன்று கம்பிகளை நீட்டலாம்.

என்ஜினோடு பழகியவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஓடாத என்ஜின் தானாகக் கிளம்பாது. பேட்டரி இணைக்கப்பட்ட மோட்டார், த்ராட்டில் குச்சியில் சட்டைக் கை பட்டாலும் சுழலத் தொடங்கும், விரல் தட்டினாலும் நிற்காது. மேசைமேல் வைத்து ரிசீவரையும் இஎஸ்சியையும் அமைக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.