வேர்க்கரோடு மல்லுக்கட்டிக் கழியும் நாட்கள்: ஓடிஎஸ்பி விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்ராறியோவில் இயலாமையுடன் வாழ்பவர்களுக்கு மாகாண அரசு வழங்கும் உதவித் திட்டமான ஓடிஎஸ்பி, 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடைபெறுகிறது. தனியாக வாழும் ஒருவருக்கு இத்திட்டத்தில் 2025 யூலை முதல் மாதம் 1,408 டொலர் வரை கிடைக்கிறது. நம்மவர்கள் 'வெல்பெயர்' என்று அழைக்கும் ஒன்ராறியோ வேர்க்ஸில் அதே நபருக்கு 733 டொலர்தான். இந்த வித்தியாசத்துக்காக விண்ணப்பிக்கும் பலர், தொலைபேசியை எடுக்காத, பதில் எழுதாத, கேட்டதற்கு முகம் சுளிக்கிற ஒரு வேர்க்கரிடம், அதாவது விண்ணப்பத்தைக் கையாளும் அலுவலரிடம், மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அலைகிறார்கள். படிவம் நிரப்பவும் மொழிபெயர்க்கவும் பலருடன் சென்றுவந்த அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான்: வேர்க்கரின் குணம் கெடுத்த விண்ணப்பங்களை விட, அந்தக் குணத்தோடு போராடிக்கொண்டே தவணைகளைத் தவறவிட்டதால் கெட்ட விண்ணப்பங்களே அதிகம்.

வேர்க்கர்தான் தம் இயலாமையை ஏற்பவர் அல்லது மறுப்பவர் என்று நம்புவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. உள்ளூர் அலுவலகத்தில் உள்ள வேர்க்கர் பார்ப்பது உங்கள் வருமானம், சேமிப்பு, குடும்ப அமைப்பு ஆகியவற்றை மட்டுமே. அந்தப் படியைத் தாண்டிய பின் உங்களுக்குத் தரப்படும் மருத்துவப் படிவக் கட்டை ஆராய்ந்து, சட்டம் சொல்லும் இயலாமை உங்களுக்கு உண்டா என்று முடிவு செய்வது அமைச்சின் தனியான தீர்மானப் பிரிவு. ஆகவே வேர்க்கர் முன் அழுது நோயை விவரிப்பதாலோ, அவரைக் கடிந்துகொள்வதாலோ அந்த முடிவு ஒரு அங்குலமும் நகராது. அவரிடம் பெற வேண்டியது படிவக் கட்டு. கொடுக்க வேண்டியது பணவிபரம்.

அடுத்தது, வாய்ச்சொல்லை முடிவாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது. "உங்களுக்குக் கிடைக்காது", "முதலில் வெல்பெயர் எடுத்துவிட்டு வாருங்கள்" என்று வேர்க்கர் சொன்னதும் எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. ஒன்ராறியோ வேர்க்ஸ் பெறாமலே ஓடிஎஸ்பிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பதும், மறுக்கப்பட்டால் காரணத்தோடு எழுத்தில் முடிவைப் பெறுவதும் உங்கள் உரிமை. எழுத்தில் இல்லாத மறுப்பை எதிர்த்து வாதிடுவது மிகக் கடினம். சிலருக்கு மருத்துவப் படிவக் கட்டே தேவையில்லை என்பதையும் சில வேர்க்கர்கள் சொல்லத் தவறுகிறார்கள். கனடா ஓய்வூதியத் திட்டமான சிபிபியின் இயலாமைக் கொடுப்பனவு பெறுகிறவர்களும், 65 வயதை எட்டியும் முதியோர் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறாதவர்களும் அந்த வகையினர். முதியோர் ஓய்வூதியத்துக்குக் கனடாவில் குறைந்தது 10 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதால், பிள்ளைகளோடு பிந்தி வந்து சேர்ந்த நம் முதியவர்கள் பலரை இந்த விதி நேரடியாகத் தொடுகிறது.

தொலைபேசியை மட்டும் நம்புவது மூன்றாவது தவறு. குரல் அஞ்சலில் ஐந்து முறை செய்தி விட்டதாகச் சொல்கிறவரிடம், எந்தெந்த நாளில் என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. மைபெனிஃபிட்ஸ் என்ற இணையவழிக் கணக்குத் திறக்க முடிந்தவர்கள் அதன் வழியே செய்தி அனுப்பினால் நாளும் நேரமும் பதிவாகும். முடியாதவர்கள் இரண்டு வரிக் கடிதம் எழுதி, அலுவலகத்தில் நேரில் கொடுத்து, தம் பிரதியில் பெற்றுக்கொண்ட நாளின் முத்திரையைக் கேட்டு வாங்கலாம். கடிதத்தில் வேண்டியது உணர்ச்சி அன்று: எந்த நாளில் எதைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது எது வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும், அவ்வளவுதான். மூல ஆவணங்களைக் கையளித்துவிட்டுப் பிரதி வைக்காமல் வருவதை இன்றும் காண்கிறேன். ஊரில் கச்சேரி எனப்படும் அரச அலுவலகங்களில் பட்டு அறிந்தவர்களே இங்கு வந்து அதை மறந்துவிடுவது வியப்பாக இருக்கிறது.

படிவக் கட்டை நிரப்பித் திருப்பி அனுப்ப 90 நாட்கள் தரப்படுகின்றன. வைத்தியரை வேர்க்கர் நினைவூட்டுவார் என்று எண்ணுகிறவர்கள் இந்த 90 நாட்களைச் சும்மா கழிக்கிறார்கள். அது அவருடைய வேலையன்று. மருத்துவப் பகுதியில் குடும்ப வைத்தியர் போன்ற ஒருவர் எழுத வேண்டிய அறிக்கை ஒன்றும், அன்றாட வாழ்வில் உள்ள தடைகளைப் பற்றிய படிவம் ஒன்றும் உண்டு. பின்னதை இயன்முறை வைத்தியர், சமூகப் பணியாளர், பதிவுபெற்ற தாதியர் போன்றோரும் நிரப்பலாம். உங்களை வாரந்தோறும் பார்க்கும் ஒருவர் எழுதுவது, ஆண்டுக்கு இருமுறை ஐந்து நிமிடம் பார்க்கும் வைத்தியர் எழுதுவதைவிடப் பல சமயம் வலுவானது. நம் வழக்கத்தில் இன்னொரு இடறலும் இருக்கிறது. வைத்தியர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அவர் அதையே எழுதிவிடுவார். குளிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, படியேற யார் துணை வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் படுக்கையை விட்டு எழ முடிவதில்லை என்று முன்கூட்டியே குறித்து அவர் கையில் கொடுங்கள். விண்ணப்பதாரர் தம் சொற்களில் எழுதும் பகுதி கட்டாயமில்லை என்பதால் அதை வெறுமையாக விடுகிறவர்கள் தம் பக்கத்துச் சாட்சியைத் தாமே விலக்கிக்கொள்கிறார்கள். கால அவகாசம் போதாதென்றால், 90 நாட்கள் முடியும் முன்பே எழுத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட இழப்புத் தருவது, முறைப்பாட்டையும் மேன்முறையீட்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான். மறுப்புக் கடிதம் வந்ததும் சிலர் வேர்க்கரின் மேலாளரிடம் போகிறார்கள். மேலாளர் பார்க்கிறேன் என்கிறார். பின்னர் மாகாணசபை உறுப்பினரின் அலுவலகம், அதன் பின் அரச சேவைகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன். இவை யாவும் தகுந்த வழிகளே, ஆனால் இவற்றில் எதுவும் மேன்முறையீட்டுக் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. மறுப்புக் கிடைத்த 30 நாட்களுக்குள் உள்ளக மீளாய்வை எழுத்தில் கேட்க வேண்டும். மீளாய்விலும் மறுக்கப்பட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் சமூக நலன்களுக்கான தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்ய வேண்டும். மீளாய்வு கேட்காமல் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. மீளாய்வுக் கடிதத்துக்குச் சட்ட மொழி தேவையில்லை. "இந்த முடிவை ஏற்கவில்லை, மீளாய்வு செய்யுங்கள்" என்று எழுதிக் கையொப்பமிட்டாலே நாள் காக்கப்படும், காரணங்களையும் மருத்துவச் சான்றுகளையும் பின்னர் சேர்க்கலாம். வேர்க்கர் மரியாதையின்றிப் பேசினார் என்பதைத் தீர்ப்பாயம் விசாரிக்காது. அது மேலாளருக்கு உரிய முறைப்பாடு, தனிக் கடிதமாக எழுதப்பட வேண்டியது, வேர்க்கரை மாற்றித் தருமாறு கேட்பதும் அதில்தான்.

வேர்க்கர் கேட்பதெல்லாம் தொல்லை என்று கொள்வதும் சரியன்று. தனியாளுக்கு 40,000 டொலர், தம்பதியருக்கு 50,000 டொலர் என்று சொத்து வரம்பு இருக்கிறது. குடியிருக்கும் வீடு இதில் சேராது, ஊரில் உள்ள காணி சேரும். சீட்டுக் காசு எடுத்த மாதத்தில் வங்கிக் கணக்கில் திடீரென்று விழும் ஆயிரக்கணக்கான டொலர், சீட்டு என்றால் என்னவென்றே அறியாத ஒருவருக்கு வருமானமாகத்தான் தோன்றும். மகனோடு கூட்டாக வைத்த கணக்கும் அப்படியே. கேட்பதற்கு முன்பே எழுத்தில் விளக்கிவிட்டால் பாதிச் சண்டை எழாது. மறைத்தால், பின்னர் வெளிப்படும்போது அது தீராத கடனாக வந்து நிற்கும்.

வேர்க்கரோடு நடந்த இழுபறி முற்றிய பிறகே சட்ட உதவி தேடுவதும் வழக்கமாகிவிட்டது. ஒன்ராறியோவின் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாக உதவுகின்றன. மறுப்புக் கடிதம் வந்த வாரமே அவர்களை அழைப்பது நல்லது. பிள்ளைகளின் ஸ்பொன்சரில், அதாவது பிள்ளைகள் பொறுப்பேற்று அழைத்து வந்த பெற்றோர் விண்ணப்பிக்கும் முன்பே அங்கு போக வேண்டும். பெற்றோருக்கான ஸ்பொன்சர் பொறுப்பு ஒன்ராறியோவில் 20 ஆண்டுகள் நீடிக்கிறது; அந்தக் காலத்தில் பெற்றோர் பெறும் சமூக உதவியை அரசு பிள்ளையிடமிருந்து கேட்டு வாங்கலாம். இதை எல்லா வேர்க்கர்களும் தாமாக முன்வந்து சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.