இரும்பில் வெள்ளிப் பூ: ஜப்பானிய வாள் காப்பின் நுனோமே வேலை

ஜப்பானிய வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் தட்டையான காப்புக்கு சுபா என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த இரும்புத் தகட்டில் தங்கக் கொடியும் வெள்ளிப் பூவும் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பசையும் கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. இரும்பில் கீறிய மெல்லிய கோடுகளே தங்கத்தைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. நுனோமே சோகான் எனப்படும் இந்த வேலைக்குக் குமாமோட்டோ பேர்போன ஊர். 1632இல் ஹொசோகாவா குடும்பம் அங்கு ஆட்சிக்கு வந்த காலத்தில், துப்பாக்கி செய்துவந்த ஹயாஷி மதாஷிச்சி சுபாக்களிலும் இதைச் செய்து புகழ்பெற்றார். 1876இல் வாள் அணியத் தடை வந்தபின் கைவினைஞர்கள் நகைகளுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் மாறினார்கள். அதனால் கலை பிழைத்தது.

பழகுவதற்கு 3 மி.மீ. கனமுள்ள, 5 செ.மீ. சதுர இரும்புத் தகடு போதும். உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, நகைப் பட்டறை அரக்கில் அசையாமல் பதித்துக்கொள்ளுங்கள். இனி அந்தப் பரப்பை விரலால் தொடாதீர்கள்.

கோடு கீறுதல். முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது, அவசரம் வேண்டாம். கூரிய தட்டை உளியைச் சாய்த்துப் பிடித்து, சிறு சுத்தியலால் லேசாகத் தட்டியபடி நெருக்கமான கோடுகளை இடுங்கள். முதலில் நெடுக்கு, பிறகு குறுக்கு, அதன்பின் இரு மூலைவாட்டங்கள். நான்கு திசையிலும் கீறி முடித்தால் பரப்பு துணி நெசவுபோல் தெரியும். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் இரும்பு நுண்ணிய பிசிறாக எழும்பி நிற்க வேண்டும். பஞ்சை மெல்ல இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் இழை சிக்கினால் சரி. வழுக்கும் இடத்தில் மீண்டும் கீறுங்கள். உளி மழுங்கினால் கோடு பள்ளமாகும், பிசிறு எழாது. அதனால் அடிக்கடி தீட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளி பதித்தல். தொடக்கத்தில் தங்கம் வேண்டாம்; சுத்த வெள்ளித் தகடு போதும். இனிப்பின்மேல் ஒட்டும் வெள்ளித் தாள் இதற்கு ஆகாது, கிழிந்துவிடும். அதைவிடக் கனமான, ஆனால் விரலால் எளிதில் மடியும் தகடாக வாங்கி, உருகாத அளவுக்குச் சூடுகாட்டி மென்மையாக்கி, சிறு இதழ்களாக வெட்டுங்கள். இதழை வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டுங்கள். குமாமோட்டோவில் மான் கொம்பால் தட்டுவார்கள். இந்தியாவில் மான் கொம்பு வாங்குவதும் விற்பதும் சட்டவிரோதம். எனவே கெட்டியான மரச் சுத்தியலையோ எருமைக் கொம்பையோ பயன்படுத்துங்கள். அடியிலிருக்கும் கோடுகளின் தடம் வெள்ளியின் மேல் தெரியத் தொடங்கினால் பிடித்துவிட்டது என்று பொருள். பிறகு மெருகேற்றிய இரும்புச் சுத்தியலால் அழுத்தித் தட்டுங்கள். ஊசிமுனையால் ஓரத்தை நெம்பினாலும் எழும்பக் கூடாது.

கோடுகளை மறைத்தல். பூவைச் சுற்றி மீதமிருக்கும் கீறல்களை மெருகுக்கோலால் (வழவழப்பான முனையுள்ள தேய்ப்புக் கருவி) அழுத்தித் தேய்த்து மறையுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பூவின் விளிம்பு துலக்கமாகத் தெரிவது இதனால்தான்.

கறுப்பேற்றுதல். இரும்பைத் துருவேற விட்டே நிறம் கொண்டுவருகிறார்கள். நீர்த்த உப்புக் கரைசலைத் தூரிகையால் மெல்லிதாகத் தடவி உலரவிடுங்கள். துரு சீராகப் படரும்வரை திரும்பத் திரும்பத் தடவி, உதிரும் தூளை மட்டும் துடைத்தெடுங்கள். பிறகு அரக்கிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து, கெட்டியான தேயிலைத் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிடுங்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானின் துருவோடு சேர்ந்து அதைக் கருமையாக்கும், மேற்கொண்டு அரிக்காமலும் தடுக்கும். நன்கு உலர்த்தி, லேசாகச் சூடாக்கி, தையல் மெஷின் எண்ணெயைத் துளியளவு தேய்த்துத் துடைத்துவிடுங்கள். வெள்ளி மங்கியிருந்தால் அதை மட்டும் மென்துணியால் துலக்குங்கள்.

இதழ் நரம்பு, இலைக்காம்பு போன்ற மெல்லிய கோடுகளை வெள்ளியின்மேல் கூர் உளியால் செதுக்குவது கடைசி வேலை. வெள்ளியின் கனத்தைத் தாண்டி உளி இறங்கினால் அடியிலுள்ள இரும்பு தெரிந்துவிடும். அதனால் தட்டாமல், கையழுத்தத்தாலேயே செதுக்குங்கள்.