முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டிக்குப் போகிறீர்களா? ப்ளூடூத்தைக் கவனியுங்கள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை வீடியோ கேமில் காம்போ (தொடர் அடி), பிளாக் (தடுப்பு) எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கான பதிவு இது. போட்டியில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும்போது எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

படி 1: வரிசை. 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது அமெரிக்க ஆர்கேடுகளில் (காசு போட்டு கேம் ஆடும் இடங்களில்) திரைக்குக் கீழே ஒரு காயினை வைத்துவிட்டால் அடுத்த ஆட்டம் உங்களுடையது. ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்துகொள்வார். ஜப்பானில் மெஷின்கள் முதுகோடு முதுகாக இருக்கும். 100 யென் போட்டால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்குச் சவால். எங்கே ஆடினாலும் சரி, தோற்ற கோபத்தில் மெஷினைக் குத்தாதீர்கள்.

படி 2: பட்டன் செக். மேட்ச் தொடங்கும் முன்பே எல்லா பட்டனையும் அழுத்திப் பாருங்கள். முதல் ரவுண்டு தொடங்கிய பிறகு "என் பட்டன் மாறியிருக்கு" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

படி 3: ப்ளூடூத். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆடி முடித்த ஒருவர் தன் வயர்லெஸ் கண்ட்ரோலரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். பைக்குள் அதன் பட்டன் அமுங்கினால், அந்த பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோலில் ஆடிக்கொண்டிருக்கும் வேறு இருவரின் மேட்ச் நடுவில் நின்றுவிடும். கண்ட்ரோலரை அணைத்தால் மட்டும் போதாது. எழுந்திருக்கும் முன் செட்டிங்ஸில் ப்ளூடூத் பட்டியலுக்குப் போய் உங்கள் கண்ட்ரோலரை நீக்குங்கள். என்னைக் கேட்டால் யூஎஸ்பி வயர் உள்ள ஸ்டிக்தான் (ஆர்கேட் மெஷின் போலக் கைப்பிடியும் பட்டன்களும் உள்ள கண்ட்ரோலர்) நல்லது. அதன் கைப்பிடிக்கு சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் மாடல். வயர் ஸ்டிக்கிலும் ஆட்டத்தை நடுவில் நிறுத்தும் ஆப்ஷன்ஸ் பட்டனுக்கு லாக் இருந்தால் போட்டுவிடுங்கள்.

படி 4: ஆட்டம். த்ரோ (பிடித்து எறிவது) போடுவதும், மூலையில் அடைத்து அடிப்பதும், தூரத்தில் நின்று ஹடோகென் (கையிலிருந்து பாயும் ஆற்றல் பந்து) விட்டுக்கொண்டே இருப்பதும் நியாயமான ஆட்டம்தான். "சீப்" என்று முணுமுணுக்காதீர்கள். எது கூடாது என்பதை விதி சொல்லும்: சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ போட்டிகளில் அகுமா என்ற கேரக்டருக்குத் தடை; டர்போ பட்டன் (அழுத்திப் பிடித்தாலே திரும்பத் திரும்ப அடிப்பது), மேக்ரோ (ஒரே பட்டனில் பல அசைவுகள்) இரண்டும் எந்தப் போட்டியிலும் கூடாது. ஒரு கேம் முடிந்ததும் தோற்றவர் கேரக்டர் மாற்றலாம், ஜெயித்தவர் பொதுவாக மாற்றக் கூடாது.

படி 5: கை கொடுங்கள். முடிவை நடத்துபவரிடம் சொல்லிவிட்டு நாற்காலியை விடுங்கள்.

பின்சேர்க்கை: "எதிராளி தெரியாமல் பாஸ் (ஆட்டத்தை நடுவில் நிறுத்தும் பட்டன்) அழுத்திவிட்டால் ரவுண்டைக் கேட்டு வாங்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலான போட்டிகளில் பாஸ் போட்டவருக்கு அந்த ரவுண்டு போய்விடும். கேட்டு வாங்குவதில் தவறே இல்லை. காம்போ நடுவில் நின்றால் டைமிங் கெட்டுவிடும், அந்த இழப்பு உங்களுடையது. விட்டுக்கொடுப்பதாக இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். அடுத்த ரவுண்டில் தோற்ற பிறகு அதைக் கிளப்பாதீர்கள்.