சுகர்ஸ் பழகிய பிள்ளை வீட்டில் இருந்தால் நாம் செய்கிற தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் 'சுகர்ஸ்' என்றால் சர்க்கரை இல்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தரம் கெட்ட ஹெராயின்தான், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது விற்கிறவனுக்கே தெரியாது. பழகியவன் செய்கிற தப்பைத்தான் எல்லாரும் பேசுகிறோம், வீட்டார் செய்கிற தப்பை யாரும் பேசுவதில்லை.

பெரிய தப்பு, அறைக்குள் போட்டுப் பூட்டுவது. வாந்தி, பேதி, உடம்பு முறுக்கு எல்லாம் ஒரு வாரத்தில் ஓரளவு அடங்கிவிடும், பிள்ளை முகம் தெளிந்து சோறு கேட்பான், இந்த வருஷம் காவடி எடுக்கிறேன் என்றுகூட வேண்டிக்கொள்வான், ஆயா அழுதுகொண்டே திருஷ்டி சுற்றிப் போடுவார். ஆனால் பழைய அளவைத் தாங்குகிற சக்தி இதற்குள் உடம்பை விட்டுப் போயிருக்கும். மூன்று வாரம் கழித்துக் கூட்டாளியோடு போய் முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஜெயிலிலிருந்து வந்தவனுக்கும், மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்பியவனுக்கும் இதே ஆபத்துதான். ஹெராயினை விடும்போது வருகிற அவஸ்தையைத் தணிக்கிற மெத்தடோன் மருந்தை டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கலாமே என்றால், 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று கேட்கிறார்கள். 2020 ஊரடங்கில் டர்பன் மோசஸ் மபிதா மைதானத்துக் கார் நிறுத்துமிடத்தில் தெருவாசிகளைத் தங்கவைத்தபோது, அவர்களில் பலருடைய அவஸ்தையைத் தணித்தது அந்த மெத்தடோன்தான்.

அப்புறம், 'அசந்து தூங்குகிறான், விடு' என்பது. உதடு நீலம் பாய்ந்து, குறட்டை மாதிரி கரகரவென்று சத்தம் வந்து, உலுக்கினாலும் எழவில்லை என்றால் அது தூக்கம் இல்லை. பால் புகட்டாதீர்கள், தலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது கைபேசியில் 112 அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். ஹெராயினை முறிக்கிற நாலாக்சோன் ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வரக்கூடாது, அந்த மருந்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், மூச்சு மறுபடி அடங்கலாம். மானம் போகும் என்று மறைக்காமல், குடித்திருந்தால் அதையும் தூக்க மாத்திரை போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஹெராயினோடு அவை சேர்ந்தால்தான் பெரும்பாலும் ஆள் போகிறது.

ஊசி போடுகிறவனாக இருந்தால், மெத்தைக்கு அடியில் கிடைத்த புது ஊசியைத் தூக்கி எறியாதீர்கள் என்பேன். கோபம் வரும், தெரியும். நீங்கள் எறிந்தால் அவன் பக்கத்தில் இருப்பவனுடையதை வாங்கிப் போட்டுக்கொள்வான், எச்ஐவியும் ஹெப்படைடிஸ் சியும் அப்படித்தான் வருகின்றன. டர்பன் மாநகராட்சியே இந்தத் தப்பைச் செய்தது, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கிற ஊசி மாற்றுத் திட்டத்தை 2018-இல் நிறுத்திவைத்து, 2020-இல்தான் மறுபடி அனுமதித்தது. ஊசி மட்டுமல்ல, கரண்டி, பஞ்சு, கலக்கிய தண்ணீர் எதையும் பகிரக்கூடாது. பகிர்ந்துவிட்டேன் என்று அவனே வந்து சொன்னால், திட்டுவதைத் தள்ளிப்போட்டு 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, கிளினிக்குக்குக் கூட்டிப்போய் எச்ஐவி தடுப்பு மாத்திரை கேளுங்கள்.