தேர்தல் முடிவு தலைகீழாக வந்தால் எதை முதலில் பார்ப்பது

மக்களவைத் தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று மத்தியானத்துக்குள் தொலைக்காட்சியில் இருந்த அத்தனை பேருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. மூன்று நாள் முன்னால்தான் பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350, 400 இடங்கள் என்று அள்ளி வீசியவர்கள், பாஜக 240-இல் நின்றதும் விலைவாசி, வேலையின்மை, அரசியல் சாசனம், வேட்பாளர் தேர்வு என்று மூச்சுவிடாமல் அடுக்கினார்கள். அதில் சிலது சரியாகவும் இருக்கலாம். ஆனால் காலையில் தெரியாத காரணம் மத்தியானம் எங்கிருந்து வந்தது? அதனால் முதல் வாரத்து விளக்கங்களை அப்படியே ஓரம் கட்டிவிட்டு எண்களை நீங்களே பாருங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் வாக்கு சதவீதத்தையும் இடங்களையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். 2019-இல் பாஜகவுக்கு சுமார் 37.4 சதவீதம், 303 இடங்கள். 2024-இல் சுமார் 36.6 சதவீதம், 240 இடங்கள். ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை, 63 இடங்கள் போய்விட்டன. 'நாடே திரும்பிவிட்டது' என்பவரும் சரி, 'ஒன்றுமே மாறவில்லை' என்பவரும் சரி, இதில் பாதியை மட்டும்தான் காட்டுகிறார்கள். ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் 37 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் மக்களவையில் ஓர் இடம்கூட இல்லை. இங்கே தமிழ்நாட்டில் அதிமுக 20 சதவீதத்துக்கு மேல் வாங்கிப் பூஜ்யம். ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் ஜெயித்ததுதான் என்கிற முறையில் இப்படித்தான் நடக்கும்.

அடுத்து, தேசிய சராசரியோடு நின்றுவிடாமல் மாநிலவாரியாகப் பிரியுங்கள், ஏனென்றால் சராசரி நிறைய விஷயத்தை மூடி மறைக்கும். உத்தரப் பிரதேசத்தில் பாஜகவின் வாக்கு சதவீதம் சரிந்து, இடங்கள் 62-இலிருந்து 33-க்கு விழுந்தன, தமிழ்நாட்டில் அதே கட்சியின் வாக்கு சதவீதம் ஏறியது, இரண்டும் சேர்ந்துதான் அந்த 'ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை'. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு கட்சி எத்தனை தொகுதியில் நின்றது என்று பார்க்காமல் 'மூன்று மடங்கு வளர்ந்துவிட்டது' என்று கிளம்பக் கூடாது. தமிழ்நாட்டில் பாஜக 2019-இல் நின்றது 5 தொகுதிகளில், 2024-இல் தாமரைச் சின்னம் இருந்தது 23 தொகுதிகளில். கடை விரித்த இடம் கூடினால் மொத்த வியாபாரமும் கூடத்தான் செய்யும். இரண்டு தேர்தலிலும் நின்ற தொகுதிகளை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.

'அயோத்தியிலேயே தோற்றுவிட்டார்கள்' என்று அன்று முழுக்க ஓடியது, சமூக வலைத்தளங்களில் அந்த ஊர்க்காரர்களைத் திட்டித் தீர்த்தவர்களும் உண்டு. தோற்ற தொகுதியின் பெயர் பைசாபாத். அதில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள், அயோத்தி அதில் ஒன்று, அந்த ஒன்றில் முன்னிலை பெற்றவர் பாஜக வேட்பாளர்தான். மற்ற நான்கும் அவரை 54,000 வாக்குகளுக்கு மேல் பின்னால் தள்ளிவிட்டன. திட்டியவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

இந்த அளவுக்கு இறங்கிப் பார்க்க உங்களுக்கு வேண்டியது படிவம் 20, அதாவது சாவடிவாரியான வாக்குக் கணக்கு. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும், ஆனால் முடிவு வந்த அன்றே தேடாதீர்கள், ஏற்றுவதற்குக் கொஞ்ச காலம் ஆகும். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு கட்டம், ஓரத்தில் நோட்டா. உங்கள் சாவடியின் வரியைத் தேடி, சென்ற தேர்தலின் வரியோடு வைத்துப் பாருங்கள். சாவடி எண்ணை மட்டும் நம்பாதீர்கள், இடையில் சாவடிகளைப் பிரித்தும் சேர்த்தும் எண் மாற்றியிருப்பார்கள், பள்ளிக்கூடப் பெயரையும் தெருவையும் வைத்துப் பொருத்துங்கள். அப்புறம், உங்கள் மக்களவைத் தொகுதிக்குள் வரும் எல்லாச் சட்டமன்றத் தொகுதிகளையும் கூட்டினால் இறுதி எண் வரவில்லையே என்று பதற வேண்டாம், தபால் வாக்குகள் தனியாகத்தான் சேரும். தயவுசெய்து ஒரு சாவடி வரியை வைத்து 'இந்தச் சாதி இப்படிப் போட்டது' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும், யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரியாது.

இயந்திரத்தில் கோளாறு என்ற செய்தி எப்படியும் வரும், தோற்ற பக்கம் எதுவானாலும் வரும். பதிவான வாக்குக்கும் எண்ணிய வாக்குக்கும் வித்தியாசம் என்று ஒரு பட்டியல் சுற்றும். வாக்குப்பதிவுக்கு முன் சோதனைக்காகப் போட்ட மாதிரி வாக்குகளை அழிக்க மறந்த இயந்திரங்களை ஒதுக்கி வைப்பதும், வெற்றி வித்தியாசத்தைப் பாதிக்காவிட்டால் எண்ணாமலே விடுவதும் 2024-இல் நடைமுறையில் இருந்ததுதான், எனவே அந்த வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் முடிவு வந்து 7 நாளுக்குள் கேட்டால், சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களைச் சரிபார்க்கலாம். வெற்றியை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட 45 நாள் அவகாசம், வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதி வாக்காளரும் போடலாம். மோசடி என்று உரக்கக் கத்தும் கட்சி இதில் எதையாவது செய்ததா என்று கவனியுங்கள்.

பங்குச் சந்தை பற்றி ஒரு வரி. அன்று சென்செக்ஸ் சுமார் 4,390 புள்ளிகள் விழுந்தது, மறுநாளே 2,300 மீண்டது. பதறி விற்றவர்கள் பாவம்.

யார் ஆட்சி என்ற கேள்விக்கு, மக்களவையில் பெரும்பான்மைக்கு வேண்டிய 272-ஐ மட்டும் பாருங்கள். பாஜக தனியாக 240, கூட்டணியாக 293 என்றால் தெலுங்கு தேசத்தின் 16-உம் ஐக்கிய ஜனதா தளத்தின் 12-உம் எவ்வளவு கனம் என்று நீங்களே கழித்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக விலகினால் 265, ஒன்று மட்டும் விலகினால் ஆட்சி விழாது.