வேப்பெண்ணெய்க் கரைசல்: யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரோடு கலக்குவது எப்படி?

கத்தரி, மிளகாய், பயிற்றை வைத்திருக்கிற வீட்டுக்காரர் எல்லோருக்கும் பூச்சித் தொல்லை இருக்கிறது. கடை மருந்தை மட்டும் வளவுக்குள் கொண்டுவராதீர்கள். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கெதியாகக் கீழே இறங்கிவிடும். குடிக்கிற கிணறும் அதே வளவுக்குள்தான். வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பெண்ணெய் போதும்.

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அழுக்கணவன், வெண் ஈ, வெண்மூட்டுப்பூச்சி எல்லாம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் சந்தேகமே வேண்டாம். இந்தப் பூச்சிகள் கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்கு வருகிறது. கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி ஒன்று ஊர்ந்தால் நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் புழு, அழுக்கணவனைத் தின்ன வந்தது.

பூச்சி கொஞ்சமென்றால் ஹோஸ் பைப்பால் வேகமாக அடித்துக் கழுவினாலே போகும். கூடினால்தான் கரைசல்.

அளவு: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சீவிய சவர்க்காரம் கொஞ்சம்.

“சவர்க்காரத் தண்ணீரில் எண்ணெயைக் கலக்கவும்” என்று எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எங்கள் ஊரில் வேலை கெடுவது அந்த வரியில்தான். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுக்காகத் திரிந்துவிடும். பிறகு எண்ணெயைப் பிடித்து வைக்கச் சவர்க்காரம் மிஞ்சாது. எண்ணெய் மேலே மிதக்கும், ஸ்பிறேயரின் முனை அடைக்கும். முதல் செடிக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிக்குத் தனி எண்ணெய். அந்தச் செடி கருகும்.

ஆகவே மாரியில் மூடிய பீப்பாயில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைப் பாவியுங்கள். இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக வடித்தெடுங்கள். சுண்ணாம்பின் ஒரு பங்காவது அதில் போய்விடும். உப்புக் கலந்த சவர்த் தண்ணீருக்கு இந்த வழி சரிவராது.

ஒரு சிறிய போத்தலில் அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்துச் சவர்க்காரத்தைக் கரையுங்கள். எண்ணெயை விட்டு, பால் நிறம் வரும்வரை குலுக்குங்கள். பத்து நிமிடம் வையுங்கள். மேலே மஞ்சள் வளையம் கட்டாவிட்டால் சரி. மிச்சத் தண்ணீரில் ஊற்றலாம். கட்டினால் இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுத் திரும்பக் குலுக்குங்கள். கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும், வைத்தால் வீரியம் போய்விடும்.

வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். வேம்பின் சத்து வெயிலில் அழியும். முதலில் ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். கண்ணாடி துடைக்கிற போத்தலை விட, முனையை மேல்நோக்கித் திருப்பக்கூடிய கைப்பம்ப் ஸ்பிறேயர்தான் என் தெரிவு. இலையின் அடி நனையாவிட்டால் அடித்து என்ன பயன்?

மறுநாள் பூச்சி உயிரோடு இருக்கும். மனம் விடாதீர்கள். வேம்பு தின்ன விடாது, தோல் உரித்து வளர விடாது. சாக நாள் எடுக்கும். வாரம் ஒருமுறை திரும்ப அடியுங்கள்.

கத்தரிக் குருத்து வாடித் தொங்கினால் புழு உள்ளே போய்விட்டது. வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி எரியுங்கள். பாகல், புடலங்காய்க்குப் பழ ஈ வரும். பிஞ்சிலேயே கடதாசிப் பை கட்டுவதுதான் வழி.

புகையிலைக் காம்பு ஊறவைத்த தண்ணீரைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். அதன் நஞ்சு தோலாலும் ஏறும். மிளகாய்க்கும் தக்காளிக்கும் புகையிலையின் வைரஸும் தொற்றலாம். வேண்டவே வேண்டாம்.

பிற்சேர்க்கை: கோப்பை கழுவுகிற திரவம் சரிவருமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சரிவரும், அது சுண்ணாம்புத் தண்ணீரிலும் திரியாது. ஆனால் கூடினால் இலையின் மெழுகு கழன்று ஓரம் கருகும். ஒரு லீற்றருக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் விடாதீர்கள். உடுப்புத் தோய்க்கிற பவுடர் எந்த அளவிலும் கூடாது.